மண்டைதீவும் உலக வாணிபமும்

உலகத்தில் எக்குடும்பமும் தனக்கு வேண்டிய பொருள்கள் யாவற்றையும் தானே ஆக்கிக்கொண்டு வாழ்வதில்லை. யாழ்ப்பாண நகருக்குத் தெற்கே, பண்ணைக் கடலுக்கு அப்பால், மிக அண்மையிற் கிடக்கும் மண்டைதீவில் ஒரு மீனவர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் அவர்கள் அருந்தும் தேநீருக்குரிய தேயிலை மலைநாட்டில் விளைந்தது. அதிற் கலக்கும் சீனி பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. வலை நைலோன் நூலாலானது. படகை உந்தும் இயந்திரம் யப்பானியர் ஆக்கியது. அதற்கு வார்க்கும் மண்ணெண்ணெயும் பிறநாட்டு நிலத்தடியிலிருந்து எடுத்த எண்ணெயின் வழிவந்ததே. இத்தனைக்கும் ஈடாக அக்குடும்பம் பிறருக்குக் கொடுப்பன மீனும் நண்டும் இறாலுமே.

இவ்வாறு பிறர் கையை எதிர்பார்த்து வாழ்தல் ஒரு குறையன்றோ, தன் தேவையைத் தானே நிறைவு செய்தலன்றோ பெருமை, என வினவுவார் உளர். இவ்வினா தனி மனிதருக்கும் பொருந்தும். ஒரு தீவுக்கும் பொருந்தும். ஒரு நாட்டுக்கும் பொருந்தும். இதற்குப் பொருளியலார் கூறும் விடையை நம்மவர் அறிந்த இடங்களையும் நிகழ்ச்சிகளையுங் கொண்டு விளக்குவதும், அவ்விடை எவ்வளவிற்கு நிறைவுடையது என ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும். உயர்தர வகுப்பிற் பொருளியல் பயிலும் மாணவர்க்கு இது ஒரு பாடமாகவும், பழைய மாணவர்க்குத் தாம் கண்டும் பட்டும் அறிந்தவற்றை மீண்டும் எண்ணிப் பார்க்க ஒரு வாய்ப்பாகவும் அமையுமென நம்புகிறோம்.

தீவகத்தின் பழைய வாணிபம்

வாணிபம் என்பது நம் தீவகத்துக்கு நேற்று வந்த விருந்தன்று. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (1153 - 1186) தமிழ்க் கல்வெட்டொன்று உளது. இக்காலத்தில் ஊர்காவற்றுறை என வழங்கும் துறை அதில் ஊராத்துறை எனக் குறிக்கப்பெறுகிறது. பல துறைகளிலிருந்தும் வரும் பரதேசிகள் ஊராத்துறையில் வந்து கூடவேண்டும் எனவும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படவேண்டும் எனவும் மன்னன் கட்டளையிடுகிறான். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. ஏனைய வாணிபச் சரக்கேற்றிய மரக்கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கும் சரிபாதி உடையவனுக்கும் உரியன.

இக்கட்டளையின் உட்பொருள் நோக்கத்தக்கது. மன்னன் எப்பொருளைப் பெரிதும் விரும்பினானோ அப்பொருளைக் கொணர்வோனுக்கு இழப்புக் குறையுமாறு விதி செய்தான். வணிகனை அச்சமின்றி வரச் செய்தல் வணிகனுக்கு மாத்திரமன்றித் தனக்கும் நன்மை என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவன் உணர்ந்திருந்தான் என்க.

மண்டைதீவுக்கு அயலிலுள்ள அல்லைப்பிட்டியிற் கிடைத்த சான்றும் இதனோடு ஒத்துச் செல்வது. அங்கே 1977ஆம் ஆண்டில் ஜோன் காஸ்வெல் என்னும் அறிஞர் அகழ்ந்தபோது, சீனத்துச் சொங் அரசமரபுக் காலத்துப் பாண்டங்களின் துண்டங்கள் மிகுதியாக வெளிப்பட்டன. 2018ஆம் ஆண்டிற் சீன, இலங்கை ஆய்வாளர் கூட்டாக மீண்டும் அவ்விடத்தை ஆராய்ந்தனர். நம் மீனவர் வலை வீசும் இக்கரையோரத்திற் சீனத்துக் கலங்கள் ஒருகாலத்தில் வந்திறங்கின என்பது இதனாற் புலனாகும்.

பிற்காலத்தில் ஒல்லாந்தர் ஆட்சியில் இத்தீபகற்பத்தின் வழியாக யானைகள் இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. நமது கடலிற் குளித்தெடுத்த சங்கு, வளையல் அறுப்பதற்காக வங்காளத்துக்குச் சென்றது. நெடுந்தீவின் புல்வெளிகளில் ஐரோப்பியர் குதிரை வளர்த்தனர். அவற்றின் வழிவந்தவை எனக் கருதப்படும் குதிரைகள் இன்றும் அங்கே திரிகின்றன. ஒவ்வோரிடமும் தனக்கு எது எளிதோ அதனைக் கொடுத்துத் தனக்கு அரியதைப் பெற்றுக்கொண்டது என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

ஒப்பீட்டு நன்மை எனும் கோட்பாடு

இனி, இவ்வழக்கத்தின் அடியிலுள்ள நியாயத்தை நோக்குவோம். அடம் சிமித் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் 1776ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வாங்கினாற் செலவு குறையும் பொருளை வீட்டிற் செய்ய முயலாதிருத்தல் அறிவுடைய குடும்பத்தலைவனின் இயல்பு எனவும், குடும்பத்துக்குப் பொருந்தும் அறிவு நாட்டுக்கும் பொருந்தும் எனவும் விளக்கினார். இது எவர்க்கும் எளிதில் விளங்கும். ஆயின் ஓர் ஐயம் எஞ்சும். எல்லாத் தொழிலிலும் வல்லவன் ஒருவனும், எத்தொழிலிலும் அவனுக்குப் பின்தங்கியவன் ஒருவனும் இருப்பின், வல்லவன் மற்றவனோடு ஏன் வாணிபஞ் செய்யவேண்டும்? பின்தங்கியவனுக்கு உலகில் இடமேது?

இவ்வையத்தைத் தீர்த்தவர் டேவிட் றிக்காடோ என்பார். 1817இல் வெளிவந்த தமது நூலில் அவர் இங்கிலாந்தையும் போத்துக்கலையும் எடுத்துக்காட்டாகக் கொண்டார். ஒரு குறித்த அளவு துணியை ஓராண்டில் ஆக்க இங்கிலாந்துக்கு 100 பேரும், போத்துக்கலுக்கு 90 பேரும் வேண்டும். ஒரு குறித்த அளவு திராட்சை மதுவை ஆக்க இங்கிலாந்துக்கு 120 பேரும், போத்துக்கலுக்கு 80 பேரும் வேண்டும் என வைத்துக்கொண்டார். இரண்டிலும் போத்துக்கலே வல்லது. எனினும் போத்துக்கல் மதுவை ஆக்கித் துணியை இங்கிலாந்திடம் வாங்குவதே இருநாட்டுக்கும் நன்று என அவர் காட்டினார்.

இக்கணக்கை நம்மூர்ப் பொருள்களிற் போட்டுப் பார்ப்பின் இன்னுந் தெளிவாகும். வலிகாமத்துச் செம்மண்ணிற் கிணற்று நீர்கொண்டு தோட்டஞ் செய்யும் ஒரு குடும்பத்தையும், நன்னீர் அரிதான ஒரு தீவுக் குடும்பத்தையும் கற்பனை செய்துகொள்வோம். இரு குடும்பத்தாரும் மரக்கறி பயிரிடவும் பனையோலையிற் கடகம் இழைக்கவும் அறிவர். எண்கள் விளக்கத்தின் பொருட்டு நாம் அமைத்தவை.

வலிகாமக் குடும்பம் ஒரு கிழமை உழைத்தால் 120 கிலோ மரக்கறி பெறலாம். அன்றேல் 8 கடகம் இழைக்கலாம். தீவுக் குடும்பம் ஒரு கிழமை உழைத்தால் 30 கிலோ மரக்கறி பெறலாம். அன்றேல் 6 கடகம் இழைக்கலாம். இரண்டு தொழிலிலும் வலிகாமத்தாரே முன்னிற்கின்றனர். இதனை முழு நன்மை என்பர்.

ஆயினும் ஒரு கடகத்துக்காக அவரவர் கைவிடுவது யாது எனக் கேட்போம். வலிகாமத்தார் ஒரு கடகம் இழைக்கும் நேரத்தில் 15 கிலோ மரக்கறியை இழக்கின்றனர். தீவார் ஒரு கடகத்துக்காக இழப்பது 5 கிலோ மாத்திரமே. இவ்வாறு ஒன்றைப் பெறுதற்காகக் கைவிடப்படும் மற்றொன்றையே அமையச் செலவு என்பர். கடகத்தின் அமையச் செலவு தீவிற் குறைவு. மரக்கறியின் அமையச் செலவு வலிகாமத்திற் குறைவு. அவரவர்க்கு அமையச் செலவு குறைந்த தொழிலிலேயே அவரவரது ஒப்பீட்டு நன்மை உளது.

வாணிபம் இல்லாதபோது இரு குடும்பமும் ஒரு கிழமை மரக்கறிக்கும் மறு கிழமை கடகத்துக்குமாக இரண்டு கிழமை உழைக்கின்றன என்க. வலிகாமத்தாரிடம் 120 கிலோவும் 8 கடகமும், தீவாரிடம் 30 கிலோவும் 6 கடகமும் இருக்கும். மொத்தம் 150 கிலோ, 14 கடகம். இனித் தீவார் இரண்டு கிழமையும் கடகமே இழைத்தால் 12 கடகம் உண்டாகும். வலிகாமத்தார் கால் கிழமையில் 2 கடகம் இழைத்து, ஒன்றே முக்கால் கிழமை தோட்டத்தில் நின்றால் 210 கிலோ மரக்கறி கிடைக்கும். கடகம் முன்போல 14. மரக்கறியோ 60 கிலோ மிகுந்துவிட்டது. எவரும் ஒரு நாழிகையேனும் கூடுதலாக உழைத்திலர் என்பதைக் கவனிக்குக.

ஒரு கடகத்துக்கு 10 கிலோ என்னும் விலையில் தீவார் 6 கடகங் கொடுத்து 60 கிலோ பெற்றால், அவர்களிடம் 6 கடகமும் 60 கிலோவும் இருக்கும். முன்னையிலும் 30 கிலோ இலாபம். வலிகாமத்தாரிடம் 8 கடகமும் 150 கிலோவும் இருக்கும்; அவர்க்கும் 30 கிலோ இலாபம். வல்லவனுக்கும் நன்மை, பின்தங்கியவனுக்கும் நன்மை. ஒருவன் பெற்றது மற்றவன் இழந்ததாகும் என்னும் எண்ணம் தவறென்பது இதனாற் பெறப்படும்.

தனி மனிதர் வாழ்விலும் இஃது உண்மையே. ஒரு வழக்கறிஞர் தம் எழுதுவினைஞரிலும் விரைவாகத் தட்டச்சுச் செய்ய வல்லவராயிருக்கலாம். அதற்காக அவர் வழக்கைப் படிக்கும் நேரத்தைத் தட்டச்சிற் செலவிடுவாரல்லர். எழுதுவினைஞருக்கு இடம் உண்டாவது அவரது திறமை மிகுதியாலன்று. வழக்கறிஞரின் நேரத்தின் அருமையாலேயாகும்.

யாழ்ப்பாணம் கொடுத்ததும் பெற்றதும்

இக்கோட்பாட்டைப் படித்தறியாமலே நம் முன்னோர் அதன்வழி நடந்தனர். யாழ்ப்பாணத்திற் பெரும்போக மழையை நம்பி ஒருமுறை விளையும் நெல் குடிசனத்துக்குப் போதாது. அதே மண்ணில் கிணற்று நீர் இறைத்து வளர்த்த புகையிலைக்குத் திருவிதாங்கூரில் நல்ல விலை இருந்தது. ஆதலின் கமக்காரன் புகையிலையை விற்று, இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த அரிசியை வாங்கினான். ஒரு பரப்புக் காணியிற் புகையிலை நட்டவன் அரிசியையும் அக்காணியிலேயே விளைவித்தான் எனலாம். கப்பலே அவனுக்கு ஏர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் இன்னொரு சரக்கும் ஏற்றுமதியாயிற்று. அது கல்வி. நிலமும் நீரும் குறைந்த நாட்டிற் பிறந்த இளைஞர், கல்லூரிகளிற் பெற்ற ஆங்கிலமும் கணக்கும் கொண்டு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புகையிரத நிலையங்களிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் அமர்ந்தனர். அவர்கள் அனுப்பிய மணிஓடரும், திரும்பி வந்தபின் பெற்ற மலாயாப் பென்சனும் ஊரில் வீடுகளையும் கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் எழுப்பின. தீவகத்தார் பலர் தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்து வாணிபத்திற் பெயர் பெற்றனர். நமது கல்லூரி போன்ற நிறுவனங்கள் வளர்ந்ததும் இவ்வாணிபத்தின் பயனாகும் என்பதை இவ்விழா வேளையில் மறத்தலாகாது.

நாடுகளுக்கிடையே நிகழ்ந்த வாணிபத்துக்கு இலங்கை - சீன இறப்பர் அரிசி ஒப்பந்தம் தக்க சான்று. 1952ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியும் இறப்பர் விலை இறங்கியும் இருந்தன. அவ்வாண்டின் இறுதியில் இலங்கை ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி பெறுவதென ஐந்தாண்டு ஒப்பந்தஞ் செய்தது. இரு நாட்டின் அரசியற் கொள்கைகளும் வெவ்வேறு. எனினும் ஒருவரிடம் மிகுந்தது மற்றவர்க்குக் குறைந்ததாக இருந்தமையால் இருவரும் நன்மை பெற்றனர்.

இக்காலத்திற் கடலட்டையை நோக்குக. நம்மூரில் அதனை உணவாகக் கொள்வாரில்லை. சீனத்திலோ அது விருந்துப் பண்டம். நமக்கு உணவாகாத ஒன்று பிறர்க்கு அரியதாதலால், அது நமக்கு அரிசியாகவும் துணியாகவும் மருந்தாகவும் மாறுகிறது.

தடைகளும் குறைகளும்

இதுவரை கூறியது வாணிபத்தின் ஒரு பக்கமே. மறு பக்கத்தையும் நேர்மையாக நோக்குதல் மாணவர் கடமை.

முதலாவது குறை, பிறரைச் சார்ந்திருத்தலால் வரும் ஆபத்து. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் றங்கூன் யப்பானியர் கைப்பட்டது. பர்மா அரிசி நின்றது. இலங்கையில் உணவுப் பங்கீடு வந்தது. மரவள்ளியும் ஒடியலும் குரக்கனும் மீண்டும் பலர் உணவாயின. ஆகவே, உணவின் ஒரு பகுதியையேனும் உள்ளூரில் விளைவித்தலும், ஒரே நாட்டிடம் வாங்காது பலரிடம் வாங்குதலும் அறிவுடைமையாகும்.

இரண்டாவது குறை, நன்மை எல்லார்க்கும் ஒப்பப் பகிரப்படாமை. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசாங்கம் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் உள்ளூரில் நல்ல விலை கிடைத்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் வன்னியிற் குடியேறிய இளைஞரும் அக்காலத்திற் செழித்தனர். ஆயின் அதே காலத்தில் நாட்டு மக்கள் பாணுக்கு வரிசையில் நின்றனர். துணியும் பிற பொருளும் அரிதாயின. 1977இல் வந்த அரசாங்கம் இறக்குமதிக் கதவைத் திறந்தது. கடைகளிற் பொருள் நிறைந்தது, வாங்குவோர் மகிழ்ந்தனர். மிளகாய்த் தோட்டக்காரன் மாத்திரம் விலை வீழ்ச்சியால் நொந்தான்.

இங்கே கோட்பாடு பொய்த்ததா? இல்லை. நாட்டின் மொத்த நன்மை மிகும் என்றே அது கூறுகிறது; ஒவ்வொருவர் நன்மையும் மிகும் என அது உறுதி தரவில்லை. பலர் சிறிது சிறிதாகப் பெற்ற இலாபம் வெளியே தெரிவதில்லை. சிலர் அடைந்த பெருநட்டமோ ஒரு கிராமத்தையே வாட்டுகிறது. மிகுந்த நன்மையிலிருந்து ஒரு பங்கையெடுத்து, நட்டமுற்றோர் வேறு பயிருக்கோ வேறு தொழிலுக்கோ மாற உதவுதல் அரசின் கடன். அக்கடனைச் செய்யாது கதவை மாத்திரம் திறத்தல் பாதி வேலையே ஆகும்.

மூன்றாவது குறை விலை பற்றியது. மேலே காட்டிய கணக்கில் ஒரு கடகத்தின் விலை 5 கிலோவுக்கும் 15 கிலோவுக்கும் இடையில் எங்கும் நிற்கலாம். 10 கிலோவாயின் இருவர்க்கும் சரிபாதி. 6 கிலோவாயின் இலாபத்திற் பெரும்பகுதி வலிகாமத்தார்க்கே. முதலாளியிடம் முற்பணம் வாங்கிய மீனவன், தன் மீனை அவரிடமே அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க நேர்கிறது. வாணிபம் அவனுக்கும் நன்மையே. ஆயினும் அவன் பங்கு சிறிது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியதன் நியாயம் இதுவே. கடலட்டைப் பண்ணைகளைப் பற்றி அண்மைக் காலத்திற் சிறு மீனவர் எழுப்பிய முறைப்பாட்டையும் இவ்விடத்தில் வைத்தே நோக்கவேண்டும். ஏற்றுமதியால் நாட்டுக்கு நாணயம் வருகிறது. வலை வீசிய களம் தமக்கு அடைபடுகிறதே என அவர்கள் கேட்பது புறக்கணிக்கத்தக்கதன்று.

வாணிபம் அற்றபோது

இக்குறைகளைக் கண்டு, வாணிபமே வேண்டாம் என முடிவு செய்தல் தகுமா? அதற்கு விடையை யாழ்ப்பாணத்தார் நூலிற் படிக்கவேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டில் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, பசளை முதலியன அரிதாயின. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கில் மாணவர் படித்தனர். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தாற் துணி தோய்த்தனர். சைக்கிள் தைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டனர். அவ்வாண்டிலேயே தீவக மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பண்ணைப் பாதை மூடுண்டது. நகரக் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் மண்டைதீவு, கால் வைக்க முடியாத தூரமாயிற்று.

அக்காலத்தில் மக்கள் காட்டிய முயற்சியும் நுண்ணறிவும் போற்றத்தக்கன. ஆயின் அவற்றின் அமையச் செலவையும் எண்ணவேண்டும். விளக்குக்கு வழி தேடிய நேரம் படிப்பிலிருந்து கழிந்தது. தன்னிறைவு எனப் புகழப்படும் நிலையின் உண்மை உருவம் அதுவே. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது பொருள் விலை இறங்கியதையும், 2006 ஆகத்தில் அது மீண்டும் மூடியபோது விலை ஏறியதையும் யாழ்ப்பாணத்திற் கண்டோர் பலர். பாதையின் பெறுமதியை அது மூடியபோதே எல்லாரும் அறிந்தனர்.

நாடு முழுவதும் இதனை 2022ஆம் ஆண்டில் அறிந்தது. அந்நியச் செலாவணி வற்றியபோது எரிபொருளும் மருந்தும் அரிதாயின. மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையிற் கிடந்தன. இறக்குமதி நின்றால் மீன்பிடியும் நிற்கும், மீன்பிடி நின்றால் ஏற்றுமதியும் குறையும் என்பது அப்போது கண்கூடாயிற்று. ஒரு நாடு விற்பது வாங்குவதற்காகவே. வாங்குவதும் பெரும்பாலும் மீண்டும் ஆக்குவதற்காகவே.

மாணவர்க்கு

இவற்றிலிருந்து மாணவர் கொள்ளவேண்டியவை சில. தொழிலைத் தேருங்கால், "இதில் நான் முதல்வனா?" என்று மாத்திரம் கேளாது, "இதற்காக நான் கைவிடுவது யாது?" என்றும் கேட்க வேண்டும். எல்லாவற்றிலும் பிறர்க்குப் பின்னிற்பவனுக்கும் உலகில் ஓரிடம் உண்டு என்பதே றிக்காடோவின் கணக்குத் தரும் ஆறுதல். அவ்விடத்தைத் தேடிக் காணுதல் அவன் கடமை. ஒரே தொழிலைக் கற்றவன் சந்தை மாறும்போது நலிவான். ஆதலின் புதியது கற்கும் ஆற்றலையும் உடன் வளர்த்தல் வேண்டும்.

நம்மிற் சிலர் நாளை நாட்டின் கொள்கையை வகுக்கும் இடங்களில் அமரக்கூடும். அப்போது வாணிபத்துக்கு வழி திறப்பவர், அவ்வழியால் நட்டமடையும் மிளகாய்த் தோட்டக்காரனையும் சிறு மீனவனையும் நினைவிற் கொள்வாராக. வழியை அடைப்பவரோ, ஜாம் போத்தல் விளக்கின் முன் இருந்து படித்த பிள்ளையை நினைவிற் கொள்வாராக. இரண்டையும் ஒருங்கே எண்ணும் அறிவைப் பெறுதலே பொருளியல் கற்றலின் பயன் எனக் கருதுகிறோம்.